ரோஷன் பீ துவைக்க மறுத்த சட்டை

ஓசூர் சிப்காட்டில் ஒரு நாளைக்குச் சிந்துகிற கிரீஸ் அத்தனையையும் வழித்து ஒரே அண்டாவில் போட்டு, அதில் ஒரு வெள்ளை வேட்டியை முக்கி எடுத்து ரோஷன் பீயிடம் கொடுத்தால், மறுநாள் காலையில் அதையே கட்டிக்கொண்டு மணமேடையில் உட்காரலாம். அவள் கையில் போகாத கறை என்று இந்தப் பூமியில் ஒன்று கிடையாது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மணமேடை வேண்டாம். பந்தலில் முன்வரிசை நாற்காலியில் உட்காரலாம்.

என் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவள் கடை. பெங்களூர் லாரிகள் திரும்ப முடியாமல் திணறுகிற சந்து அது. கடைக்குப் பெயர் கிடையாது. 'கிரீஸ் கறை எடுக்கப்படும்' என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரு தகரப் பலகை. இந்தியிலும் எழுத ஆரம்பித்தார்கள், பாதியில் பெயின்ட் தீர்ந்துவிட்டது. அதனால் ஒன்றும் குறைந்து போகவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் சட்டையைப் பார்த்தே கடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளே கொடியில் முப்பது கம்பெனிச் சட்டைகள் தொங்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கடை போட்ட மூன்றாம் நாள், மாடியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"டீச்சரம்மா, துண்டு சாக்பீஸ் இருக்குங்களா?"

நான் கெலமங்கலம் பக்கத்துப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் வேதியியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் போட்ட மாலையோடு சேர்த்து ஒரு ஷூ டப்பா நிறையத் துண்டு சாக்பீஸையும் எடுத்து வந்திருந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்காதீர்கள். அதைக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று பார்க்கப் பின்னாலேயே இறங்கிப் போனேன்.

ஒரு சட்டையை மேசைமேல் விரித்தாள். நெஞ்சுப் பக்கம் கொய்யாப்பழம் அளவுக்குக் கறுப்பு. தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. மொண்ணைக் கரண்டியால் மேலே நின்ற கிரீஸை வழித்தாள். சாக்பீஸைத் தூளாக்கி மேலே தூவி, காகிதம் வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்தாள். மறுநாள் காலை அந்தத் தூள் எண்ணெயைக் குடித்துப் பழுத்துப் போயிருந்தது. அதைத் தட்டிவிட்டு, மிச்சமிருந்த கறுப்பின்மேல் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, வெளி ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து விரல் நுனியால் தேய்த்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கிற சோப்பு. அதற்குப் பிறகுதான் வெந்நீரும் சலவைச் சோடாவும்.

"எண்ணெய்க் கறைக்கு மேல எண்ணெயே விடறியே?" என்றேன்.

"எண்ணெயை எண்ணெய் கூப்பிட்டாத்தான் டீச்சரம்மா வெளிய வரும். தண்ணி கூப்பிட்டா வராது. அது ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லையே."

இதே விஷயத்தைச் சொல்ல நான் கரும்பலகை முழுக்கப் படம் போட்டு இரண்டு பீரியட் எடுத்துக்கொள்வேன். முடிவில் பாதி வகுப்பு தூங்கியிருக்கும். அன்று அந்தக் கடையில் நின்றபடி, அவள் இரண்டு வரியில் முடித்ததைக் கேட்டு வாயடைத்துப் போனேன். என் வாய் அடைத்துப்போவது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

அவளுக்கு இதெல்லாம் கற்றுக்கொடுத்தது எந்தப் பள்ளியும் இல்லை, அவள் கணவர் கௌஸ் பாஷாவின் சட்டைகள்தான். அவர் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி ஷெட்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் மனைவியின் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தார். அவள் தலையசைக்காமல் பெட்டியைத் தூக்கமாட்டார். கறை மிச்சமிருக்கும்போது சூடு காட்டினால் அது நூலோடு வெந்துபோகும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஈரத்தில் கறை ஒளிந்துகொள்ளும் என்பதால், நிழலில் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் தலையசைப்பாள்.

கறை எடுப்பதைவிட எனக்குப் பெரிய ஆச்சரியம், அவள் கறையைப் படிக்கிற விதம். சட்டையை மூக்கருகே கொண்டுபோவாள். "இது பால் மாதிரி ஊத்துவாங்களே, கூலன்ட்டு. கடைசல் மிஷின்ல நிக்கிறவன்" என்பாள். இன்னொன்றைக் கட்டைவிரலால் தடவி, "நீலக் கிரீஸு, பேரிங்குக்கு வைக்கிறது. இடது கைக்காரன்" என்பாள். இடது கை எப்படித் தெரிந்தது என்றால், துடைத்த தடம் இடது பக்கத்து இடுப்பில் இருக்குமாம். ஒருமுறை ஒரு சட்டையை மோந்து பார்த்து, அந்த ஆளுக்கு முதல் நாள் வீட்டில் சண்டை என்று சொன்னாள். இதை நான் என் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

போன ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், ஒரு சாயங்காலம், தினேஷ்குமார் கடைக்குள் நுழைந்தான். இருபத்தாறு வயது, சாமல்பட்டிக்காரன். ஒரு கியர் கம்பெனியில் மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்த மாதம் நிரந்தரப் பட்டியல் வரப்போகிறது, அதில் அவன் பெயர் இருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரியும். ஏனென்றால் அவனே சொல்லியிருந்தான்.

போட்டிருந்த கம்பெனிச் சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு பனியனோடு நின்றான். பாக்கெட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கிரீஸ்.

"அக்கா, இது நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள போயாகணும். சுத்தமா. இருந்த எடமே தெரியக்கூடாது."

"என்னாப்பா அவசரம்? கல்யாணமா?"

"வேலை போயிடும்க்கா."

விஷயம் இதுதான். முந்தின நாள் முதல் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஏழாம் நம்பர் மெஷினுக்கு யாரோ கிரீஸ் வைத்திருக்கிறார்கள். நீலக் கிரீஸ் வைக்கவேண்டிய பேரிங்கில் கறுப்புக் கிரீஸ் போயிருக்கிறது. அது இரும்பை அழுத்துகிற பிரஸ் மெஷினுக்கு வைக்கிற சரக்கு. இன்று காலை பேரிங் கருகி லைனே நின்றுவிட்டது. கிரீஸ் வைத்தவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. தினேஷ் நிற்பது பக்கத்து மெஷின். அவனுடைய இன்னொரு சட்டை ரோஷன் பீயின் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததால், நேற்றுப் போட்ட கறைச் சட்டையோடே இன்றும் வேலைக்குப் போயிருக்கிறான். சூபர்வைசர் அதைப் பார்த்துவிட்டார். மெஷினில் கறுப்பு, சட்டையிலும் கறுப்பு. நாளை பத்து மணிக்கு விசாரணை.

"நீ வச்சியா?"

"சத்தியமா இல்லக்கா. ரெண்டு மணிக்குப் பஞ்ச் அடிச்சிட்டு நேரா பஸ் ஏறிட்டேன்."

"அப்ப இது எங்க பட்டுச்சு?"

அவன் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தகரப் பலகையைப் பார்த்தான்.

ரோஷன் பீ அதற்குள் சட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்திருந்தாள். கறையை மோந்தாள். இரண்டு விரலால் தேய்த்தாள். பிறகு கறையின் ஓரத்திலிருந்து எதையோ ஊசியால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள். ஒரு ரோமம். குட்டையாக, விறைப்பாக, நுனி பழுப்பாக.

"உங்க கம்பெனிக்குள்ள ஆடு எப்ப வேலைக்குச் சேந்துச்சு தினேஷு?"

கௌஸ் பாஷா பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார். "காண்ட்ராக்ட்டா, பர்மனென்ட்டா கேளு."

அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை. குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயிருக்கிறான். திம்மராயன் என்கிற ஆட்டு வியாபாரியின் மகள் தர்ஷினியை இவனுக்குப் பேசியிருக்கிறார்கள். திம்மராயன் மாப்பிள்ளையைச் சந்தையில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இவன் வேண்டுமென்றே கம்பெனிச் சட்டையோடு போயிருக்கிறான். இந்தப் பக்கத்தில் அது ஒரு பழக்கம். பஸ்ஸிலும் சந்தையிலும் கம்பெனிச் சட்டை போட்டவனுக்கு உட்கார இடம் கிடைக்கும், பெண்ணும் கிடைக்கும். போன இடத்தில் சந்தை கலைந்து வண்டிகள் கிளம்புகிற நேரம். திம்மராயனின் ஆட்டு வண்டிச் சக்கரம் இறுகி நிற்க, மாப்பிள்ளை உற்சாகமாக மண்ணில் படுத்து அதைச் சரி செய்திருக்கிறார்.

"அப்பறம் என்னடா? அந்த ஆளையே சாட்சிக்குக் கூப்பிடு."

"பர்மனென்ட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா."

ரோஷன் பீ சட்டையை மடித்தாள். செய்தித்தாளில் சுற்றி, அவனிடம் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் இதைத் துவைக்க மாட்டேன்."

"அக்கா!"

"உன் சூபர்வைசர் போட்டோ எடுத்தாரா?"

"எடுத்தாரு."

"அப்ப ராத்திரியோட ராத்திரியா கறையைக் காணோம்னா என்ன அர்த்தம்? நான்தான் வச்சேன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. இந்தக் கறை உன்மேல பழி போடலப்பா, உனக்காகப் பேசுது. பேசறதோட வாயைப் பொத்தச் சொல்றியே."

"ஆனா அக்கா, விட்டா இறுகிடுமே. நீங்கதானே சொல்லுவீங்க, ரெண்டாம் நாள் தாண்டினா கஷ்டம்னு."

"ஆமா," என்றாள். அதை அவள் சொன்ன விதம் இப்போதும் என் காதில் இருக்கிறது. "விட்டா எனக்குக் கஷ்டம். எடுத்தா உனக்குக் கஷ்டம். முதல்ல அந்த ஆட்டுக்காரருக்கு போன் போட்டு நெசத்தைச் சொல்லு."

போட்டான். ஒலிபெருக்கியில் போடச் சொன்னது நான்தான். ஒட்டுக்கேட்பதைவிட அது நாகரிகம் இல்லையா?

"மாமா, ஒரு விஷயம். நான் இன்னும் காண்ட்ராக்ட்டுதான்."

அந்தப் பக்கம் ஆடுகள் கத்துகிற சத்தம். பிறகு திம்மராயனின் குரல். "ஏமப்பா, இதைச் சொல்லவா போன் போட்ட? உங்க கேன்டீனுக்கு வாரா வாரம் கறி போடறவனே நான்தான். காண்ட்ராக்ட்டுக்கு நீலக் காலரு, பர்மனென்ட்டுக்கு சாம்பல் காலரு. சந்தையில நீ எறங்கி வரும்போதே தெரிஞ்சிபோச்சு."

"அப்பறம் ஏன் மாமா ஒண்ணும் சொல்லல?"

"சக்கரம் ரெடியாவட்டும்னு இருந்தேன்."

கௌஸ் பாஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திம்மராயன் சாட்சிக்கு வரத் தயார் என்றார். ரோஷன் பீ போனை வாங்கினாள். "நீங்க வந்தா, மாமனார் மாப்பிள்ளைக்காகப் பேசறாருன்னு சொல்லிடுவாங்கண்ணா. சட்டைக்கு யாரும் சொந்தம் இல்ல. அதைப் பேச வைக்கலாம்."

மறுநாள் காலை நானும் ரோஷன் பீயும் அந்தக் கம்பெனி வாசலில் நின்றோம். தினேஷ் எங்களுக்கு முன்னால், தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி. உள்ளே விடமாட்டேன் என்ற காவலாளியிடம், பராமரிப்புப் பொறியாளர் வெங்கடப்பனிடம் அவனுடைய கெமிஸ்ட்ரி டீச்சர் வந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். வெங்கடப்பன் ஓடி வந்தான். நாற்பத்தைந்து வயது, தொந்தி, கழுத்தில் அடையாள அட்டை. என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் மதிப்பெண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை.

விசாரணை அறையில் நீள மேசை. எச்.ஆர். அதிகாரியான ஒரு இளம்பெண், சூபர்வைசர், வெங்கடப்பன். ரோஷன் பீ செய்தித்தாளைப் பிரித்துச் சட்டையை வைத்தாள். கூடவே தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலையும் ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்தாள்.

"யாரும்மா நீங்க? வக்கீலா?" என்றார் சூபர்வைசர்.

"துணி துவைக்கிறவங்க சார். உங்க சட்டையும் ரெண்டு தடவ துவைச்சிருக்கேன்."

வெங்கடப்பனுக்கு நம்பிக்கையும் இல்லை, மறுக்கத் தைரியமும் இல்லை. "ஹௌதா? நெசமாவா? கறையைப் பாத்துச் சொல்லுவீங்களா?" என்று எழுந்துபோய், பட்டறையிலிருந்து ஐந்து துடைப்புத் துணிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். எந்தத் துணி எந்த மெஷினுடையது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் துணியை மோந்து, கூலன்ட் என்றாள். இரண்டாவதைத் தொட்டதுமே நீலக் கிரீஸ். மூன்றாவதைத் தேய்த்துவிட்டு, "சாமான் தூக்கிட்டு முன்னும் பின்னும் போகுமே ஒரு வண்டி, அதோட செயின்" என்றாள். நாலாவது பிரஸ். வெங்கடப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அந்தப் பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஐந்தாவது துணியில் ரோஷன் பீ கொஞ்சம் நின்றாள். மறுபடி மோந்தாள்.

"இது உங்க மிஷின்ல இல்ல சார். நல்லெண்ணெய். இட்லிப் பொடியும் இருக்கு."

வெங்கடப்பன் தன் சாப்பாட்டுப் பையைப் பார்த்தான். முழு அறையும் அதைப் பார்த்தது. ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ உப்புகளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன், ஒரு மூக்கு இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவள் பிரஸ் துணியின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தாள். ஒற்றிய இடம் பென்சிலால் தீட்டியதுபோல் பளபளத்தது. தினேஷின் சட்டைக் கறையிலும் அதேபோல் ஒற்றினாள். அங்கே பளபளப்பே இல்லை. துருவும் செம்மண்ணும் கலந்த பழுப்பு, தடவினால் நறநறவென்றது.

"இது புதுக் கிரீஸே இல்ல சார். சக்கரத்துல பல வருசமா கெடந்தது. இந்தாங்க, அதுக்கு மேல ஆட்டு முடி." காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேசை நடுவில் வைத்தாள்.

"சரி, இவன் வைக்கல. அப்பறம் யாருதான் வச்சது?" சூபர்வைசர் விடவில்லை. "கண்ணு தெரியாதவனா நீலத்துக்குக் கறுப்பு வைப்பான்?"

வெங்கடப்பன் ஏழாம் மெஷினிலிருந்து வழித்த கிரீஸ் துணியைக் கொண்டுவரச் சொன்னான். அவள் அதை மோந்தாள். முகம் மாறியது. இன்னொருமுறை மோந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். எனக்கு வெறும் கிரீஸ் நாற்றம்தான் வந்தது.

"சந்தனம் மணக்குதுங்களே, டீச்சரம்மா."

எல்லோரும் எழுந்து ஸ்டோருக்குப் போனோம். கிரீஸ் டிரம்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரே உயரம், ஒரே நிறம். மூடியில் கைப்பம்பு. அதில் கிரீஸ் துப்பாக்கியை மாட்டி அழுத்தினால் சரக்கு நேரே உள்ளே போகும், நிறம் வெளியே தெரியாது. எது எது என்று தெரிய லேபிள் மட்டும்தான். அந்த லேபிள்களின்மேல்தான், ஆயுத பூஜை அன்று, யாரோ பக்தியோடு உள்ளங்கை நிறையச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். இரண்டு டிரம்மிலும். பூஜை போட்ட சந்தனத்தைத் துடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பம்பின் வாயிலும் அப்பியிருந்த சந்தனம் துப்பாக்கிக்குள்ளும் போயிருக்கிறது.

சூபர்வைசர் டிரம்மைப் பார்த்தபடியே நின்றார். அன்று தட்டில் சந்தனம் ஏந்தி நின்ற ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருடைய காது சிவந்திருந்ததே போதுமானதாக இருந்தது.

எச்.ஆர். பெண் தினேஷைப் பார்த்து, "நீங்க வேலைக்குப் போங்க" என்றாள். அவ்வளவுதான். அவன் நடக்கவில்லை, ஓடினான். அந்த மாதக் கடைசியில் வந்த பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

வாசலுக்கு வரும்வரை வெங்கடப்பன் கூடவே வந்தான். "மேடம், இந்த அம்மா எங்க படிச்சாங்க?" என்றான். அவள் பக்கத்தில் நின்ற நானே பதில் சொன்னேன். "நீ தூங்கின வகுப்புலதான்டா."

சட்டைக்கு என்ன ஆயிற்று என்றால், அன்று சாயங்காலமே ரோஷன் பீ அதைக் கையில் எடுத்தாள். சாக்பீஸ் தூவினாள், எண்ணெய் விட்டாள், வெந்நீரில் அலசினாள். கொடியிலிருந்து இறங்கி வந்தபோது அது தறியிலிருந்து அப்போதுதான் இறங்கியது போலிருந்தது. கறை இருந்த இடத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். கிடைக்கவில்லை.

இதுவரை எழுதியதைக் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். கௌஸ் பாஷா பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். ரோஷன் பீ ஒரு சட்டையில் கரண்டியால் கிரீஸ் வழித்துக்கொண்டே கேட்டாள். படித்து முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டீச்சரம்மா, அந்தக் கறை போகலைங்க. அன்னிக்குச் சாயங்காலம் சட்டை நம்ம கையில எங்க இருந்துச்சு? அந்த எச்.ஆர். அம்மா ஃபைல்ல வைக்கணும்னு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டாங்க. பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் குடுத்தாங்க. அதுக்குள்ள நூலுக்குள்ள குடி போயிடுச்சு. நாலு தடவ போட்டேன், பாக்கெட்டுக்குக் கீழ பழுப்பா ஒரு நிழல் அப்படியேதான் நிக்குது. இப்ப சாம்பல் காலர் சட்டை வந்தப்பறமும், சந்தைக்குப் போறப்ப தினேஷு இதைத்தான் போட்டுட்டுப் போறான். ரோஷன் பீ கையில போகாத கறை ஒண்ணு இருக்குன்னு எழுதுங்க. இல்லாட்டி நாளைக்கு எவனாவது நெசமாவே அண்டாவோட வந்து நிப்பான்."